மூக்கருகே வந்த அளவுகோல்

1896 ஜனவரி 27. வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 57 பேர் மாண்டார்கள். உடல்களைப் பார்வையிட்ட உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியோ நெருப்போ அல்ல, கார்பன் மோனாக்சைடு என்று கண்டறிந்தார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைத் தானே சுவாசித்து, ஒரு சுண்டெலியையும் சுவாசிக்கவைத்து, இருவரில் யார் முதலில் துவள்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்தவர் அவர்.

சிறிய உடலும் வேகமான மூச்சும் உள்ள உயிரை நச்சு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். அப்படித்தான் கேனரிக் குருவி சுரங்கத்துக்குள் போனது. மீட்புப் படையினரின் கூண்டுகளில் சிலவற்றின் தலையில் சின்ன ஆக்சிஜன் உருளை பொருத்தியிருக்கும். குருவி கம்பியிலிருந்து சாய்ந்ததும் கதவை மூடி, வாயுவைத் திறந்து அதைப் பிழைக்கவைப்பார்கள். பிரிட்டனில் 1986-இல்தான் மின்னணுக் கருவிகளுக்கு இடம்விட்டுக் குருவிகள் ஓய்வு பெறத் தொடங்கின.

ஆனால் குருவியால் இந்த நொடியின் ஆபத்தைத்தான் சொல்ல முடியும். பல ஆண்டுகள் நுரையீரலில் படிந்து ஆளைத் தின்னும் கல்தூசியை அது காட்டாது. 1922-இல் அமெரிக்காவில் கிரீன்பர்க், ஸ்மித் இருவரும் ஒரு வழி கண்டார்கள்: காற்றை வேகமாக உறிஞ்சித் தண்ணீருக்குள் பாய்ச்சினால் தூசி அதில் தங்கிவிடும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் துகள்களை எண்ணவேண்டியதுதான். 1946-இல் அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் மாநாடு என்ற அமைப்பு, பணியிடக் காற்றில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியலே போட்டது.

எல்லைகள் வந்தன, அளக்கும் கருவியோ பட்டறையின் ஒரு மூலையில் நின்றது. தொழிலாளி அங்கேயா நிற்கிறார்? குனிந்து மூட்டையைப் பிரிக்கிறார், கலனுக்குள் தலையை நீட்டுகிறார். 1960-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷெர்வுட், கிரீன்ஹால் இருவரும், பேட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்றை ஆள்மீதே மாட்டிவிடும் முறையை வெளியிட்டார்கள். தூசியைப் பிடிக்கும் வடிதாள் சட்டையின் மார்புப் பக்கம் இருந்தது. மூலையில் நின்ற கருவி சொன்னதைவிட உடலில் மாட்டியது பெரும்பாலும் அதிகமாகவே காட்டியது. அதுவரை ‘பாதுகாப்பு’ என்று எழுதப்பட்ட கணக்குகளை இந்த வேறுபாடு கேள்விக்குள்ளாக்கியது.

எல்லை எண்ணும் உயிரைக் கொடுத்தே திருத்தப்பட்டது. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பிவிசி தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் அரிதான கல்லீரல் புற்றுநோயால் இறந்த செய்தி வெளியானது. அப்போது பிவிசியின் மூலப்பொருளான வினைல் குளோரைடுக்குச் சட்டம் அனுமதித்த அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு. மறு ஆண்டே அது 1 பங்காகக் குறைந்தது.

இன்று பென்சீன் போன்ற ஆவிகளைப் பிடிக்கச் சட்டைக் காலரில் மாட்டும் விரல்நீளக் கண்ணாடிக் குழலுக்குள் இருப்பது தேங்காய்த் தொட்டிக் கரி. முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50. பின்பகுதியிலும் ஆவி கணிசமாகச் சேர்ந்திருந்தால் முன்பகுதி நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். அந்த அளவீட்டை நம்ப முடியாது.

போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. பணியிடக் காற்றில் உள்ள நச்சுகளுக்கு எட்டு மணி நேரச் சராசரிக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் தனித்தனி எல்லைகளை அதன் ஓர் அட்டவணை வகுத்தது. தம் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய விவரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு அதே திருத்தம் 111ஏ பிரிவில் எழுதிக்கொடுத்தது.