இயங்குநிலைப் படத்தொகுப்புத் தளம்

ஒளிப்படங்களைப் பற்றிய விவரங்களைத் தரவுத்தளத்தில் சேர்த்துவைத்து, பார்ப்பவர் கேட்டதற்கேற்பப் பக்கத்தை அந்தக் கணத்திலேயே உண்டாக்கிக் காட்டும் இணையதளம் இயங்குநிலைப் படத்தொகுப்புத் தளம் எனப்படும். பயிற்சி வகுப்புகளிலும் வேலை நேர்காணல்களிலும் இதற்குப் புழங்கும் பெயர் 'டைனமிக் போட்டோ கேலரி'. கையால் எழுதிய ஸ்டாட்டிக் தளத்தில் 200 படம் இருந்தால், 201ஆவது படத்துக்காக ஏற்கெனவே எழுதிய பக்கத்தைத் திறந்து திருத்த வேண்டும். இயங்குநிலைத் தளத்தில் திருத்துவதற்குப் பக்கமே கிடையாது. பக்கத்தை வார்க்கும் ஓர் அச்சு மட்டும் இருக்கும். தரவுத்தளத்தில் ஒரு வரி சேர்ந்தால் அடுத்து வருபவர் கண்ணில் அந்தப் படமும் படும்.

வலைநிரல் கற்பவர்களுக்கு இதைப் பயிற்சித் திட்டமாகக் கொடுப்பது பழைய வழக்கம். படிவம், பதிவேற்றம், தரவுத்தளம், பட அளவு மாற்றம், பயனர் நுழைவு, தேடல் என்று எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன. பி.எச்.பி. மொழியும் மைசீக்குவல் தரவுத்தளமும் 1995இல் வெளிவந்தவை. காசு கொடுக்காமல் கிடைத்ததால் ஒரு தலைமுறையே அந்த ஜோடியில் பழகியது. இன்று பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் செய்கிறார்கள். எந்த மொழியில் செய்தாலும் நிரல் சில வாரங்களில் கைவந்துவிடும். ஒரு படத்தை என்னென்ன பெயர் சொல்லி அழைப்பது என்ற கேள்விதான் கடைசிவரை கூடவே வரும். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தைத் தொகுக்க உட்கார்ந்தவருக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு படம், பல வீடு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் 8ஆம் நாள் அறுபத்துமூவர் உலா. நாயன்மார் திருமேனிகள் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வரும். வடக்கு மாட வீதியில், ஒரு நீர்மோர்ப் பந்தலுக்கு முன்னால் பல்லக்கு நிற்கும் படம் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பவர் முதலில் ஃபோல்டர் போடுவார்: 'திருவிழா', 'மாட வீதி', '2019'. இந்தப் படம் எதற்குள் போகும்? மூன்றிலும் ஒவ்வொரு நகல் போடுபவர் உண்டு. ஹார்ட் டிஸ்க் நிறைவது ஒரு பக்கம் இருக்கட்டும். தலைப்பில் ஒரு பிழை கண்டால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும், இரண்டில் திருத்தி மூன்றாவதை மறப்பது நிச்சயம்.

அடுத்த கட்டத்தில் அவர் தரவுத்தளத்துக்கு வருவார். 'படங்கள்' என்றோர் அட்டவணை. அதில் குறிச்சொல்1, குறிச்சொல்2, குறிச்சொல்3 என மூன்று பத்தி. திருவிழா, மாட வீதி, பல்லக்கு என்று எழுதியதும் இடம் தீர்ந்துவிடும். நீர்மோர்ப் பந்தலுக்கு இடமில்லை. நான்காவது பத்தி சேர்த்தால் ஐந்தாவது குறிச்சொல் வந்து நிற்கும்.

இதற்கான விடை மூன்று அட்டவணை. ஒன்றில் படங்கள், இன்னொன்றில் குறிச்சொற்கள், மூன்றாவதில் இரண்டுக்கும் இடையிலான முடிச்சு மட்டும். மூன்றாவதைத் திறந்து பார்த்தால் வெறும் எண்கள்தான் தெரியும்: 412, 7. அடுத்த வரி 412, 19. அதற்கடுத்து 412, 23. 412ஆவது படத்துக்கு 7ஆம் எண் 'அறுபத்துமூவர்', 19ஆம் எண் 'வடக்கு மாட வீதி', 23ஆம் எண் 'நீர்மோர்ப் பந்தல்'. எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் சேரலாம். படம் ஒரே இடத்தில் இருக்கும். உறவுநிலைத் தரவுத்தளம் என்ற கருத்தை எட்கர் காட் 1970இல் கட்டுரையாக வெளியிட்டார். வகுப்பில் அந்தக் கருத்தைக் கேட்டுத் தலையாட்டியவருக்கும், அறுபத்துமூவர் படத்தை இப்படி மூன்று அட்டவணையில் பிரித்துப் போட்ட பிறகுதான் அது உறைக்கும்.

குறிச்சொல் எழுதத் தொடங்கியதும் ஊர்ப்பெயர் இடறும். மயிலாப்பூர் என்றும் மயிலை என்றும் எழுதுவோம்; பறக்கும் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் திருமயிலை. தியாகராய நகர், தி.நகர், டி.நகர் மூன்றும் ஒன்று, ஆனால் அங்கே இறங்க வேண்டிய ரயில் நிலையம் மாம்பலம். நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராயச் செட்டியின் பெயர் கொண்ட அந்த நகரே, 1920களில் மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவானது. ஆகவே அதற்கு முந்தைய படத்தில் அதே இடம் தண்ணீர். பாண்டி பஜாரின் பெயர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனைக் குறித்து வந்தது என்பார்கள். சாலையின் பெயர் தியாகராயா சாலை. தேடுபவர் எதைத் தட்டினாலும் ஒரே படங்கள் வர வேண்டுமென்றால் 'மாற்றுப்பெயர்' அட்டவணை ஒன்று தனியாக வேண்டும். ஆயத்தப் பாடங்கள் பலவற்றில் இந்த அட்டவணை இருப்பதில்லை. தமிழில் தளம் அமைப்பவர் இதை முதல் நாளே போட்டுக்கொள்வது நல்லது.

நாள் தெரியாத படம்

தரவுத்தளத்தில் தேதிக்கென்று உள்ள பத்தி ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கேட்கும். வீட்டு ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்த படத்துக்கு அந்த மூன்றில் ஒன்றும் இருக்காது. சிலர் 1.1.1970 என்று எதையாவது போட்டு ஒப்பேற்றுவார்கள். பிறகு அந்த ஒரு நாளில் சென்னையில் ஆயிரம் படம் எடுத்தது போல் பட்டியல் வரும். இரண்டு பத்தி வைத்துக்கொண்டால் தீர்ந்தது: 'இதற்கு முன் இல்லை', 'இதற்குப் பின் இல்லை'.

அந்த எல்லைகளைப் படமே சொல்லும். அடையாற்று முகத்துவாரத்தில் 1967இல் கட்டிய பாலம் 1977இல் ஒரு பகுதி இடிந்து 'உடைந்த பாலம்' ஆனது. பாலம் முழுசாக நின்றால் படம் அந்தப் பத்தாண்டுக்குள் எடுத்தது; உடைந்திருந்தால் 1977க்குப் பிறகு. தியோசாபிகல் சொசைட்டி தோட்டத்து ஆலமரத்தின் மூல அடிமரம் 1989 புயலில் சாய்ந்தது. அது நிமிர்ந்து நிற்கும் படத்துக்குக் கடைசி எல்லை 1989. பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது 2019 நவம்பரில். இப்படி ஊரின் அடையாளங்களை வைத்து எல்லை போடத் தெரிந்தவர் பெரும்பாலும் நிரல் எழுதுபவரின் பாட்டியாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். தளத்தில் அவர்கள் எழுதுவதற்கும் ஒரு படிவம் வைக்க வேண்டும், பெரிய எழுத்தில்.

ஆறு எழுத்து, முப்பத்துமூன்று பைட்

'மயிலாப்பூர்' என்ற சொல்லைத் தமிழர் எண்ணினால் 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் அது 11 குறி, ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் அங்கே தனித்தனி. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 33. நீளம் கேட்டால் பி.எச்.பி.யின் சாதாரணச் சார்பு 33 என்னும், பல்பைட் சார்பு 11 என்னும். 6 என்று சொல்ல வைக்க 'இன்டில்' நீட்சியை இயக்க வேண்டும். சிறுபடத்தின் கீழே தலைப்பை 20 பைட்டில் வெட்டச் சொல்லிப் பாருங்கள். 6 குறியும் ஏழாவதன் மூன்றில் இரண்டு பங்கும் மிஞ்சி, கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். 10 குறியில் வெட்டினால் ஊர் 'மயிலாப்பூர' ஆகிவிடும், புள்ளி போய்விட்டது.

இதைவிடச் சிக்கலானது 'கோயில்'. முதல் எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியும் சேர்த்து இரண்டு குறியாக எழுதலாம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினி பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு சொல். ஒருவர் ஒரு முறையில் பதிந்த படத்தை இன்னொருவர் மறு முறையில் தேடினால், கண்ணெதிரே இருக்கும் படத்தை 'இல்லை' என்று தளம் சொல்லும். 'ஸ்ரீ'க்கும் இரண்டு வழி உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, பிற்காலத்தில் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. கோயில் படங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். பதியும்போதும் தேடும்போதும் உள்ளே வரும் சொல்லை, ஒரே வடிவாக்கும் 'நார்மலைசர்' வழியாக அனுப்பினால் 'கோ' சரியாகிவிடும். 'ஸ்ரீ'யை நாமேதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மைசீக்குவல் நெடுங்காலம் லத்தீன் எழுத்துத்தொகுப்பையே இயல்பாக வைத்திருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூ.டி.எஃப்-8 இயல்பானது. பழைய அமைப்பில் தமிழைச் சேமித்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமித்தது பிறகு தமிழாவதில்லை.

பதிவேற்றத்தில் வரும் இடி

முதல் படத்தை ஏற்றும்போதே பலருக்கு ஒரு சறுக்கல். பட்டனை அழுத்தினால் பக்கம் புரளும், படம் வராது, பிழைச்செய்தியும் வராது. பி.எச்.பி.யின் இயல்பு அமைப்பு ஒரு கோப்புக்கு 2 எம்.பி. வரைதான் அனுமதிக்கும், இன்றைய கைபேசிப் படம் சாதாரணமாக அதைத் தாண்டிவிடுகிறது. வரம்பை உயர்த்தினால் அடுத்த தடை நினைவகம். 4000 × 3000 புள்ளி கொண்ட படம் கோப்பாக 4 எம்.பி.தான் இருக்கும். சிறுபடம் செய்வதற்காக அதை விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்.பி. ஆகும். 48 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படம் என்றால் 192 எம்.பி.; பி.எச்.பி.யின் இயல்பு வரம்போ 128.

நின்றபடி எடுத்த கோபுரம் தளத்தில் படுத்துக் கிடப்பது இன்னொரு வழக்கமான காட்சி. கேமரா படத்தைத் திருப்புவதில்லை. 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் படக்கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலில் எழுதிவைக்கிறது. சிறுபடம் செய்யும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். அதே தகவலில் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கலாம். தெப்பக்குளத்துக்கு அது நல்லது. வீட்டுக் கொலுப் படத்தில் வீட்டு முகவரியே வெளியில் போய்விடும்.

பாதுகாப்பில் இரண்டு பழக்கம் போதாது என்றாலும் அவையின்றித் தொடங்கக் கூடாது. ஏறுவது படம்தானா என்று பெயரின் வாலைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். தேடல் சொல்லை வினவலில் நேரடியாக ஒட்டாமல் முன்தயாரித்த வினவலில் தர வேண்டும். லஸ் முனையில் கிடைப்பது போன்ற பழைய புத்தகங்களைப் பார்த்துப் படிப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று: அவற்றில் உள்ள மைசீக்குவல் சார்புகள் 2015இல் வந்த பி.எச்.பி. 7இல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டன.

எங்கே கற்பது, எதைப் பார்ப்பது

தமிழில் படிக்க, 2012இல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ் உதவும். அதில் எழுதும் து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசையில் மைசீக்குவலுக்கென ஒரு நூல் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. அடையாறு பக்கத்துச் சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பைத்தான் வழி வலைச்செயலி உருவாக்கம் பாடமாக இருக்கிறது. எதையும் எழுதாமல் நிறுவிக்கொள்ள விரும்புவோருக்குப் பிவிகோ, காப்பர்மைன் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றை நிறுவி உள்ளே அட்டவணைகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று திறந்து பார்ப்பது, பத்து வகுப்புக்குச் சமம்.

மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பண்பாட்டுக் காட்சியகம் கோயில்களையும் விழாக்களையும் படமாகத் தொகுத்தது. தமிழகப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் மின்னுருவாக்கினார்கள். பி.எச்.பி.யில் ஓடும் விக்கிமீடியா பொதுவகத்தில், 2011-12 தமிழ் விக்கி ஊடகப் போட்டியில் ஏறிய படங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் கூடவே பதிய வேண்டும்.

சொந்த ஆல்பமானாலும் உரிமையைப் பார்க்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் காப்பு. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. தாத்தாவின் கல்யாணப் படம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரும்.

காப்பு

கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்காமல் 000412 என்று எண்ணாக வைப்பது நல்ல பழக்கம் என்று எல்லாப் பாடமும் சொல்லும். அதன் மறுபக்கம், தரவுத்தளம் போய்விட்டால் மிஞ்சுவது பெயரில்லாத எண் குவியல். படங்களை மட்டும் நகலெடுத்து, தரவுத்தளத்தை விட்டுவிடுபவர்கள் நிறைய. இரண்டையும் எடுக்க வேண்டும். எடுத்ததை வேறு கணினியில் ஒருமுறை ஏற்றி, 412ஐ அழைத்தால் பல்லக்கும் பந்தலும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும் முதல் டிஸ்க் இருக்கும் அதே மேஜையில் இருந்தால் அது காப்பு ஆகாது.

இதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது. தலைப்பு, இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் படக்கோப்புக்குள்ளேயே ஐ.பி.டி.சி. குறிப்பாக எழுதலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல், தரவுத்தளத்திலிருந்து எடுத்த பட்டியலைப் படித்து ஆயிரக்கணக்கான படங்களில் ஒரே மூச்சில் எழுதிவிடும். பழைய ஆல்பத்தில் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருப்பார்களே, அதே வேலைதான்.