1892: ஒரு பந்து, ரெண்டு மண்ணு

1892 டிசம்பர் 27. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சாலிஸ்பரி என்கிற ஊர். கொட்டுகிற பனியில் கறுப்பர் கல்லூரிகள் ரெண்டு கால்பந்தில் மோதுகின்றன. உள்ளூர் லிவிங்ஸ்டன் கல்லூரி ஒரு பக்கம், சார்லட் நகரத்தின் பிடில் மறுபக்கம். கறுப்பர் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் இதுதான். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 27 வருஷம்தான் ஆகியிருந்தது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் படிக்க வந்த காலம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 161 கறுப்பர்களை வெள்ளைக் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்றதாக டஸ்கெகி நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. அந்த நாட்டில், அந்த வருஷத்தில் இவங்க பந்தாட இறங்கினாங்க.

காசு ஏது? மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பந்து வாங்கினார்கள். ஆட்டக்காரர்களின் உடுப்பைத் தைத்துக் கொடுத்தவர்கள் அதே கல்லூரியில் தையல் படித்த பெண்கள். தெருவில் போட்டு நடக்கிற செருப்பிலேயே ஆணிக்கட்டை அடித்து ஆடினார்கள். ஆட்டம் முடிந்தால் பிடுங்கிவிட்டு அதையே போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகணும்.

லிவிங்ஸ்டன் தோற்றது. அதன் ஆட்டக்காரர் டிரென்ட் பந்தைக் கைப்பற்றிக்கொண்டு ஓடியதைப் புள்ளியாக ஏற்கவில்லை. எல்லைக்கோடு பனியில் மூடிக்கிடந்தது. கோட்டுக்கு வெளியே போய்விட்டதாக பிடில்காரர்கள் வாதாட, நடுவர் அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னார். அந்தப் பருவம் முழுக்க லிவிங்ஸ்டனுக்கு வாய்த்தது அந்த ஒரே ஆட்டம். தோற்ற டிரென்ட் பின்னாளில் அதே கல்லூரிக்குத் தலைவராகி, 1925 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார்.

இதை என்னாத்துக்குச் செங்கல்பட்டுக்காரங்க படிக்கணும்?

அந்த ஆட்டம் நடந்த இடம் கல்லூரியின் முன்புல்வெளி. அவர்களுடைய சொந்த மண். யாரிடமும் போய்க் கைகட்டிக் கேட்கவேண்டியதில்லை. அதே காலத்தில் செங்கல்பட்டில் நம்ம சனங்களுக்கு என்ன இருந்தது? கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பாருங்க. பறையர் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைக் காலி பண்ணவைக்கலாம். தரிசு நிலம் கேட்டு மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை போட்ட மண்ணே சொந்தமில்லாதவன் பந்தை எங்கே வைத்து உதைப்பான்?

அந்த அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 பிறந்தது. சாலிஸ்பரி ஆட்டத்துக்கு மூன்று மாசம் முந்தி. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. கிராமத்தில் அதை டி.சி. நெலம் என்பார்கள். கோடு தெளிவாகத்தான் போட்டிருந்தது. அதை மூடியது பனி இல்லை. ஆண்டைகளும், பத்திரம் பதிந்தவர்களும், பார்த்தும் பார்க்காமல் இருந்த அதிகாரிகளும்தான் மூடினார்கள்.

நூறு வருஷம் கழித்து, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நிலம் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

சாலிஸ்பரியில் தைத்த உடுப்பும் ஆணி அடித்த செருப்பும் நமக்குத் தெரிகிறதென்றால், அதை அவங்களே எழுதி வைத்ததால்தான். நம்ம தெருப் பசங்களும் ஆடியவர்கள்தான். ஏரி வற்றினால் ஏரியில், அறுப்பு முடிந்தால் கழனியில், கடலோரமென்றால் மணலில். பந்து வாங்கக் காசு போட்டது யார்? எந்த மைதானத்தில் விடவில்லை? விரட்டியது யார்? பெரியவங்க உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. ஆடின இடத்தின் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுங்க. அது டி.சி. நெலமாக இருக்கலாம்.