மசக்கையும் பத்தியமும்: கர்ப்பகாலச் சர்க்கரை உணவுமுறை கடந்து வந்த பாதை

கருவுற்ற பெண்ணின் நாக்கு கேட்பதைக் கொடுப்பதா, தடுப்பதா என்ற கேள்வி இந்திய மருத்துவத்தில் மிகப் பழையது. கருவுற்றவளை இரண்டு இதயம் கொண்டவள் என்றே சரக சம்ஹிதையும் சுஸ்ருத சம்ஹிதையும் சொல்கின்றன. அவள் ஆசைப்படுவது சிசுவின் ஆசையும்கூட என்பது அவற்றின் கருத்து. ஆசையை அடக்கினால் வாயு சீறிக் கருவைக் கெடுக்கும் என்று எச்சரிக்கும் சரகர், அங்கேயே நடைமுறைக்கு ஏற்ற ஒரு வழியையும் காட்டுகிறார்: அவள் கேட்பது உடம்புக்கு ஆகாததாக இருந்தாலும், ஆசை கடுமையானால் ஆகும் பொருளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். முழுத் தடையும் இல்லை, முழுச் சலுகையும் இல்லை. நவீன உணவியல் நெடுந்தூரம் சுற்றி வந்து சேர்ந்த இடத்துக்கு இந்த யோசனை மிக அருகில் நிற்பது வியப்புக்குரியது.

தமிழகத்தில் மசக்கை ஆசைக்குச் சான்று சங்க காலத்திலேயே உண்டு. சேர நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் விரும்பி உண்பார்களே தவிரப் பகைவர் கொள்ள முடியாது என்ற கருத்து புறநானூற்றின் 20ஆம் பாட்டில் வருகிறது. மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவதை இன்றைய மருத்துவம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்த்துப் பார்க்கிறது. மாங்காயும் புளியும் கேட்டால் வீடே ஓடித் தேடும். கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்ற நம்பிக்கை இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. வளைகாப்பில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வகைவகையாகச் சமைத்துப் பரிமாறுவது அவள் நாவுக்குச் செய்யும் மரியாதை. பல குடும்பங்களில் இது ஏழாம் மாதத்தில் நடக்கிறது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்கி, ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் பருவமும் ஏறக்குறைய அதுதான்.

சிறுநீரில் எறும்பு மொய்க்கும் நோயைப் பழைய ஆயுர்வேத நூல்கள் அறிந்திருந்தன. கர்ப்பத்தோடு சேர்ந்து வந்து, கர்ப்பம் முடிந்ததும் போய்விடும் சர்க்கரையைப் பற்றிய தெளிவான மருத்துவக் குறிப்பு பெர்லினிலிருந்து வருகிறது. 1823 நவம்பரில் 22 வயதுப் பெண் ஒருத்தி அங்குள்ள மருத்துவமனையில் சேர்ந்தாள். ஐந்தாவது கர்ப்பம், எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். 12 பவுண்டு எடையுள்ள குழந்தை பிறக்கும்போதே இறந்தது. பிரசவத்துக்குப் பிறகு தாயின் நோய்க்குறிகள் மறைந்தன. ஹென்ரிக் பென்னெவிட்ஸ் 1824இல் இதை லத்தீனில் தம் பட்ட ஆய்வேடாக எழுதினார். 1882இல் லண்டனில் மாத்யூஸ் டங்கன் இப்படிப்பட்ட 22 கர்ப்பங்களைத் திரட்டி வெளியிட்டபோது, அதில் தாய்ச்சாவும் சேய்ச்சாவுமே மிகுந்திருந்தன.

அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. உணவை அடக்குவதே வைத்தியம். 1910களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் ஃபிரடெரிக் ஆலன் அதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை நோயாளி பட்டினி கிடக்க வேண்டும். அதன் பிறகும் கிடைப்பது, ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றி மூன்று தடவை வேகவைத்த முட்டைக்கோஸ் போன்ற காய்தான். அதிலிருக்கும் கொஞ்சம் மாவுச்சத்தையும் வெந்நீரோடு கொட்டிவிடுவதே நோக்கம். ருசியும் அந்தத் தண்ணீரோடு போனது. சில நோயாளிகளின் ஆயுளை இந்த முறை நீட்டியது உண்மை. ஆனால் பசித்த மனிதரை எந்நேரமும் காவல் காக்க வேண்டியிருந்தது.

டொரண்டோவில் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின் 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. சர்க்கரை நோயுள்ள பெண்கள் பிள்ளை பெறுவது அதன் பிறகே நிலையாகச் சாத்தியமானது. பாஸ்டனில் ஜோஸ்லின் மருத்துவக் குழுவின் பிரிசில்லா ஒயிட் இத்தகைய கர்ப்பிணிகளைப் பல பத்தாண்டுகள் கவனித்து, 1949இல் அவர்களை வகைப்படுத்தும் முறையை வெளியிட்டார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் கணையத்தைத் தூண்டுகிறது, அதனாலேயே குழந்தை மிகையாகப் பருக்கிறது என்ற விளக்கத்தை கோபன்ஹேகனின் யோர்கன் பெடர்சன் முன்வைத்தார்.

ஆசையைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 1950இல் அமெரிக்காவில் வந்த உணவு மாற்றுப் பட்டியல். உணவுகளை ஆறு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குள் ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. ஒரு துண்டு ரொட்டி வேண்டாமென்றால் சிறிய உருளைக்கிழங்கு ஒன்று. ‘இது கூடாது’ என்ற கட்டளை போய், ‘இதற்குப் பதில் அது, இவ்வளவு’ என்ற பேச்சு தொடங்கியது. கர்ப்பிணிகள் விஷயத்தில் பட்டினிக்கு எதிரான அறிவியல் காரணத்தை நார்பர்ட் ஃபிரெயின்கெல் எடுத்துரைத்தார்: கர்ப்பிணி பட்டினி கிடந்தால் உடல் விரைவாகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன்கள் பெருகும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2002இல் வரையறுத்தது. 1,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2005இல் வெளியானபோது, உணவு ஆலோசனை, சர்க்கரைக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின் என்ற சிகிச்சை சிசுக்களின் கடும் பாதிப்பை 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தது தெரிந்தது.

இந்தியாவில் இந்தக் கதையின் மையம் சென்னை. டாக்டர் வி. சேஷய்யா இங்கிருந்து வலியுறுத்திய பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. விடியற்காலையில் கிளம்பிப் பேருந்தில் வரும் கிராமத்துப் பெண் பசியோடு வர வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. தமிழ்நாட்டில் 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை அரசாணையால் வந்தது.

உணவு ஆலோசனை அதன் பிறகே ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறங்கியது. காலையில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்பதால் அப்போது இட்லியின் எண்ணிக்கை குறைந்து, சாம்பாரின் பருப்பும் காயும் கூடுகின்றன. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே சுண்டலோ மோரோ வேர்க்கடலையோ உண்டு. நீண்ட நேரம் வயிறு காய்ந்தால்தான் இனிப்பின் மேல் வெறி ஏறும். பழச்சாறு கூடாது, கொய்யாவைக் கடித்துத் தின்னலாம். மாம்பழம் கேட்டால் சாப்பாட்டுக்கு மேலாக முழுப் பழம் அல்ல; சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒரு கீற்று. மாங்காய்க்குத் தடையே இல்லை, உப்பு மட்டும் அளவாக.

இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டும், உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் சர்க்கரை 120க்குக் கீழே இறங்காவிட்டால் மருந்து சேர்க்க வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டுதல். அது உணவுமுறையில் அவள் தவறியதற்குத் தண்டனை அல்ல. நஞ்சுக்கொடியின் பலம் சிலருக்கு உணவால் மட்டும் அடங்குவதில்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து, சர்க்கரை உண்மையிலேயே போய்விட்டதா என்று அறிய, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இன்னொரு முறை சோதிக்கிறார்கள்.