'பரபரப்பு' யாருக்கு ஏற்பட்டது?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி: பரபரப்பு.

'சலசல', 'படபட' மாதிரி 'பரபர'வும் இரட்டைக்கிளவி. பிரிச்சா அர்த்தம் வராது. நம்ம பேச்சுல இது உடம்போட ஒட்டின சொல். "கை பரபரங்குது"ன்னா, எதையாவது செய்யணும்னு துடிக்குதுன்னு அர்த்தம். "கல்யாண வீடு பரபரப்பா இருந்துச்சு"ன்னா, எல்லாரும் ஓடியாடி வேலை செஞ்சாங்க. அந்தப் பரபரப்புக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு.

பத்திரிகைக்குள்ள போன பிறகு கதை மாறுது. 1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். எளிய தமிழ், சின்ன வாக்கியம். டீக்கடையில் ஒருத்தர் சத்தமா வாசிச்சா பத்துப் பேர் கேட்கலாம். அடுத்த பத்து வருஷத்துல வந்தது ஆளவந்தார் கொலை வழக்கு.

1952 ஆகஸ்ட். எழும்பூர்ல கிளம்பி, தாம்பரம், நம்ம பெருங்களத்தூரைத் தாண்டி தனுஷ்கோடி போகும் போட் மெயில். மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தா, உள்ளே தலையில்லாத உடல். தலை கிடைச்சது ராயபுரம் கடற்கரையில். 1953-ல் விசாரணை நடந்தப்போ கோர்ட்ல கூட்டம் அலைமோதியது; பேப்பருக்காக ஜனங்க காத்திருந்தாங்க. அது உண்மையான பரபரப்பு. யாருக்கு, ஏன்னு தெளிவாச் சொல்லலாம்.

இப்போ நாம தினமும் படிக்கிற வரியைப் பாருங்க: "இச்சம்பவத்தால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது." யாருக்கு? பதில் இல்லை. மழை பெய்ஞ்ச மாதிரி அதுவா 'ஏற்படுது'. தலைவரோட பேட்டிக்கும் அதே சொல், வீட்டுக்குள்ள வந்த பாம்புக்கும் அதே சொல், ஒரு சாவுக்கும் அதே சொல். செத்தவரோட குடும்பத்துக்கு அது பரபரப்பு இல்லீங்க, துக்கம்.

நம்ம ஏரியாவிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை ராத்திரியில ஒரு முதலை கடந்து போன வீடியோ நாடு முழுக்கச் சுத்துச்சு. எங்கேயும் 'பரபரப்பு'தான். வனத்துறைச் செயலரா இருந்த சுப்ரியா சாஹு அப்பவே விளக்கம் கொடுத்தார்: சென்னையோட சில நீர்நிலைகளில் இந்த முதலைகள் வாழுது, கூச்ச சுபாவம் உள்ளவை, மனுஷங்களைத் தவிர்க்கும். வெள்ளம் வந்ததால் வெளியே வந்திருக்கு, அவ்வளவுதான்.

அதே மழையில் பக்கத்துல முடிச்சூர் தண்ணியில நின்னுச்சு. 2015-ல் அடையாற்று வெள்ளத்தைப் பார்த்த ஊர் அது. அங்கே டிசம்பர் மேகம் கறுத்தா ஜனங்களுக்கு வர்றது பயம். திரும்பவும் தண்ணி புகுந்தா வர்றது கோபம். பயம்னு எழுதினா, "ஏன் பயம்?"னு அடுத்த கேள்வி வரும். கோபம்னு எழுதினா, "யார் மேல?"ன்னு கேட்பாங்க. பரபரப்புன்னு எழுதினா எந்தக் கேள்வியும் வராது; ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்.

அந்தச் சொல் மேல தப்பு இல்லை. கல்யாண வீட்டுக்கு அது இன்னைக்கும் அழகாப் பொருந்துது. ஆனா அடுத்த தடவை உங்க போன்ல 'பரபரப்பு'ன்னு நோட்டிஃபிகேஷன் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: யாருக்கு?