விபத்துக்குப் பிறகு கார் விலை குறைந்தால் இழப்பீடு கிடைக்குமா?

பாடாங் செராய் தோட்டத்திலிருந்து கூலிமுக்கு வேலைக்குப் போகிறீர்கள். சிவப்பு விளக்கில் நின்ற உங்கள் மைவியைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. பட்டறையில் சரிசெய்தாச்சு, பார்க்கப் புதுசு மாதிரிதான். ஆனால் 30,000 ரிங்கிட் போகவேண்டிய காருக்கு, சுங்கை பட்டாணி பழைய கார் வியாபாரி 26,000தான் தருவேன் என்கிறார். அந்த 4,000 ரிங்கிட்டை யார் தருவது?

உங்கள் காப்புறுதி தருமா?

தராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசிகூட பழுதுபார்க்கும் செலவைத்தான் ஏற்கும். மதிப்புக் குறைவு அதில் சேராது. என்சிடி சலுகை போகாமல் இருக்க ‘நாக் ஃபார் நாக்’ முறையில் கோரினாலும் இதே நிலைதான்.

அப்போ யாரிடம் கேட்பது?

இடித்த ஓட்டுநரிடம். முதலில் அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கு மூன்றாம் தரப்புக் கோரிக்கை எழுதுங்கள். மறுத்தால், அந்த ஓட்டுநர் மீது வழக்குப் போடலாம். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு உண்டு. அதில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். விபத்து நடந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

* 24 மணி நேரத்துக்குள் செய்த போலீஸ் புகார்
* படங்கள், பட்டறை ரசீது
* விபத்துக்கு முன்பும் பின்பும் கார் என்ன விலை போகும் என்று வியாபாரி அல்லது மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த கடிதம்

வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. வழக்குப் போட்டாலே பணம் உறுதி என்றும் இல்லை.

ஒன்றை மறக்காதீங்க: ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டால், மிச்சத்தைக் கேட்கும் உரிமை போய்விடலாம். படிச்சுப் பார்த்துப் போடுங்க.