கண்டதைக் கண்டபடி வரைந்த ஒருவர்

செய்முறைக் கொப்பிகளைத் திருத்தும்போது நாம் அடிக்கடி காணும் ஒரு விடயம் இது. பிள்ளைகள் தாம் கண்டதை எழுதுவதில்லை. புத்தகத்தில் இருக்கும் விடையைத்தான் அவதானம் என்று எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு சித்திரத்தின் வரலாற்றை இங்கே பகிர்கிறோம்.

1773 ஒக்டோபரில் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் சார்ள்ஸ் மெசியே ஒரு வால்வெள்ளியை அவதானித்துக்கொண்டிருந்தபோது மங்கலான ஒளிப்பொட்டு ஒன்றைக் கண்டார். வால்வெள்ளி தேடுபவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று அவர் தயாரித்த பட்டியலில் அதற்கு 51ஆம் இலக்கம். 1781இல் பியர் மெஷேன் அதன் அருகில் இன்னொரு சிறிய பொட்டும் இருப்பதைக் கண்டார்.

1845இல் அயர்லாந்தில் றோஸ் பிரபு தன் கோட்டை வளவிலேயே 6 அடி விட்டமுள்ள உலோக ஆடி கொண்ட தொலைகாட்டி ஒன்றை அமைத்தார். அதனூடாகப் பார்த்தால் பெரிய பொட்டில் சுருள் சுருளாகக் கைகள்! ஒரு கை நீண்டுபோய்ச் சிறிய பொட்டைத் தொடுகிறது. இவ்வளவு மங்கலான ஒளியைப் படம்பிடிக்கும் கெமரா அன்று இல்லை. கண்டதைக் கையால் வரைந்தார். ஏன் சுருள், ஏன் அந்தத் தொடுகை என்பது அவருக்கும் தெரியாது.

அதே வருடம் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பெரும் பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். தொலைகாட்டி வேலையும் தடைப்பட்டது. சித்திரம் மட்டும் நிலைத்தது.

1920களில் எட்வின் ஹபிள், இத்தகைய சுருள்கள் நமது பால்வீதிக்கு வெளியே உள்ள தனிக் கலக்சிகள் என்று காட்டினார். 1972இல் எஸ்தோனியாவில் பிறந்த அலார் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தனர். சிறிய கலக்சி கிட்ட வந்து கடந்து செல்லும்போது அதன் ஈர்ப்பே பெரியதன் கையை இழுத்து நீட்டியிருக்கிறது. சந்திரன் நமது கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குவதும் இதே ஈர்ப்பினால்தான். உண்மையில் சிறியது சற்றுப் பின்னால் இருக்கிறது. கை அதற்கு முன்னால் செல்வதால்தான் தொடுவதுபோலத் தெரிகிறது.

அந்தக் கைக்கு விளக்கம் கிடைக்க 127 வருடங்கள் எடுத்தன. காரணம் தெரியவில்லையே என்று றோஸ் அதை வரையாமல் விடவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தான் கண்டதை எழுதி, அது புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.