அட்டகிரகமும் ஆகாயப் பயணமும்

1956ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், மலாக்கா பண்டார் ஹிலிர்த் திடலிலே துங்கு அப்துல் ரகுமான் மலாயாவின் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். அறிவித்தவாறே 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை வந்தது. பின்னர் ஐந்து வாரமும் நிரம்பவில்லை. அக்டோபர் 4இல் சோவியத்து நாட்டார் ஸ்புட்னிக் என்னும் உலோக உருண்டையை விண்ணில் ஏவினர். அதன் எடை 84 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. குறுக்களவு 58 சென்டிமீட்டர். 96 நிமிடத்துக்கு ஒருமுறை அஃது உலகைச் சுற்றியது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் என்பார் தாமே ஏறிச் சுற்றினார். தேவர்கள் உறையும் இடமென்று நம் பௌராணிகர் அளந்துவைத்த வானத்திலே தச்சர் ஒருவரின் மகன் 108 நிமிடத்தில் போய் மீண்டுவிட்டார்!

பத்துத் திங்கள் சென்றன. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று இந்தியாவில் சோதிடர்கள் பறையறைந்தனர். ஊர்தோறும் யாகங்கள் நடந்தன. உண்ணும் நெய் நெருப்பிலே சொரியப்பட்டது.

அவ்வெட்டு யாவை? ஞாயிறு, திங்கள், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, இவை ஏழு. எட்டாவது கேது. கேது என்றொரு கோள் வானில் எங்கும் இல்லை. திங்களின் பாதையும் ஞாயிற்றின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களில் ஒன்றுக்கு இட்ட பெயர் அது. அவ்விடத்துக்கு அருகில் அமாவாசை நேருமாயின் சூரிய கிரகணம் உண்டாகும். அன்றும் உண்டாயிற்று, நியூகினியில் முழுக் கிரகணமாகவே தெரிந்தது. ஆகவே சோதிடர் கண்ட கூட்டம் மெய்யே. அதனால் பூமிக்கு என்ன தீங்கு? வெள்ளி நமக்கு மிக நெருங்கி வருங்காலத்தும், அதன் ஈர்ப்பால் கடலில் எழும் ஏற்றம் திங்களால் எழுவதில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்நாளிலோ வெள்ளி ஞாயிற்றுக்கு அப்பால், வெகு தொலைவில் நின்றது.

ஜாசின், ஆலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வெட்டப் போன நம் தொழிலாளிக்கு விடிவெள்ளி பழக்கமான துணை. அவ்வாரம் அது தென்படவில்லை. கூடிய கோள்கள் யாவும் ஞாயிற்றின் ஒளிக்குள் மறைந்திருந்தன; வானத்தைப் பார்த்து எவரும் அஞ்சியிருக்க முடியாது. அச்சம் பஞ்சாங்கத்திலிருந்தே வந்தது. பரிகாரம் என்று கேட்டால், ஒருநாட் கூலியை எடுத்து நீட்டுகிறவன் அதே தொழிலாளிதானே!

உலகம் அழியவில்லை. பதினைந்தாம் நாள், பிப்ரவரி 20, மலாயாவில் இரவு பத்து மணி கடந்தபின், அமெரிக்கரான ஜான் கிளென் விண்ணேறினார். பண்டார் ஹிலிர் அறிவிப்புக்குச் சரியாக ஆறாண்டு. மூன்றுமுறை உலகைச் சுற்றி, ஐந்து மணி நேரத்துக்குள் கடலில் இறங்கினார்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வேழும் மீண்டும் நெருங்கின. மீண்டும் அழிவுப் பேச்சு எழுந்து அடங்கிற்று. இன்று மலாக்கா மஸ்ஜித் தானாவுக்கு அருகே தஞ்சோங் பிடாரா கடற்கரையில் ஒரு வானாய்வு நிலையம் நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றினால் ஒரு முற்பகலுக்குள் போய்ச் சேரலாம்.